கடலில் ஓடும் மணலாறு

சென்னை மெரினாவின் அகன்ற மணற்பரப்பைக் காண்போர், அது தொன்றுதொட்டு அங்கே இருந்ததென எண்ணுவர். உண்மை அதுவன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அங்கே ஒடுங்கிய கரையே இருந்தது. அக்கரை அகன்று வளர, வடக்கே இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கரை தேய்ந்தது. பல தெருக்களைக் கடல் கொண்டது. இவ்விரண்டிற்கும் காரணம் ஒன்றே.

அலை கரையை நேராக வந்து தாக்குவதில்லை, சாய்வாக ஏறுகின்றது. திரும்பும்போதோ சரிவின் வழியே நேராக இறங்குகின்றது. அதனால் அலையோடு ஏறி இறங்கும் மணல் துகள், ஒவ்வொரு முறையும் சிறிது பக்கவாட்டில் நகர்ந்துவிடுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது வடக்கே செல்லும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே மீளும். இவ்விரு நீரோட்டங்களையும் தெண்டி, வன்னி என மீனவர் நெடுங்காலமாகவே பிரித்தறிவர். தெற்கே மீள்வதினும் வடக்கே போவது மிகுதி. ஆண்டுதோறும் பல இலட்சம் கன மீட்டர் மணல் இவ்வாறு கரையோரமாக ஓடுகின்றது.

இம்மணலாற்றின் குறுக்கே 1876இல் துறைமுகப் பணி தொடங்கியது. கடலுக்குள் நீண்ட கற்சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. அவை மீண்டும் கட்டப்பட்டன. புயலை வென்ற சுவருக்கு மணல் ஓயாத தொல்லையாயிற்று. கிழக்கு நோக்கிய வாயிலை மணல் நெருக்கவே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை அடைத்து, வடகிழக்கில் புதுவாயில் அமைத்தனர். தெற்கே தங்கிய மணலே மெரினாவை வளர்த்தது.

வடக்கேயோ வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. தெற்கிலிருந்து மணல் பெறாத அலை, கரையையே அரித்து எடுத்துச் சென்றது. பாறைகளைக் கொட்டி அரண் அமைத்தனர். அரண் வீடுகளைக் காத்ததேயன்றி மணலைக் கொணரவில்லை. படகை இழுத்தேற்றவும் வலையை உலர்த்தவும் மீனவர்க்கு இடமில்லாது போயிற்று. இவ்விழப்பு கணக்கேடுகளில் எளிதில் ஏறுவதன்று.

2000ஆம் ஆண்டிற்குப் பின், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் குறுக்குத் தடுப்புகள் இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையில் பல இடங்களில் கட்டப்பட்டன. ஒவ்வொன்றின் தென்புறத்திலும் மணல் சேர்ந்தது. இழந்த கரை சிறிது மீண்டது. ஆயினும், துறைமுகச் சுவருக்கு உரிய விதியே இச்சிறு சுவர்களுக்கும் உரியது. கடைசித் தடுப்பிற்கு வடக்கே, அடுத்த குப்பத்தின் வாயிலில் அரிப்பு தொடர்கின்றது.