பனியைத் தாங்கும் கயிறுகள்

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வளரும் பிள்ளைகளுக்கு மழை தெரியும், புகைமூட்டமும் தெரியும். வானத்திலிருந்து பனி விழுவதைப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பில்லை. ஷா ஆலாமில் உள்ள தாவரவியல் பூங்காவில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி, நான்கு பருவங்களையும் உணரச் செய்யும் நோக்கில் ஓர் இல்லம் அமைக்கப்பட்டது. ஆயினும், உண்மையான பனிக்காலத்தில் ஒரு தோட்டம் படும் பாட்டைக் காண வேண்டுமாயின் ஜப்பானுக்குத்தான் செல்ல வேண்டும்.

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தனர். அவற்றுள் முன்பனியும் பின்பனியும் அடங்கும். ஆனால், அங்கே பனி என்பது விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையும் மூடுபனியையுமே குறித்தது. கிளையை முறிக்கும் அளவுக்கு எடை கொண்ட பனியை அச்சொல் அன்று அறியவில்லை.

அத்தகைய பனி பெய்யும் நகரம் கனஸாவா. ஜப்பான் கடலைக் கடந்து வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளி வருவதால், அங்கு விழும் பனி நீர் நிறைந்து கனமாக இருக்கும். இந்நகரில் உள்ள கென்ரொகுஎன், ஜப்பானின் மூன்று புகழ்பெற்ற தோட்டங்களுள் ஒன்று. சிற்றரசர்களுக்கு உரியதாக இருந்த இத்தோட்டம், 1874இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

குளிர்காலத்தில் அங்குச் செல்வோரை முதலில் வியக்க வைப்பவை கயிறுகளே. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1ஆம் நாள் தோட்டக்காரர்கள் 'யுகிட்சுரி' எனும் பணியைத் தொடங்குகின்றனர். மரத்தின் அருகே உயரமான கம்பம் நடப்படும். அதன் உச்சியிலிருந்து குடைக்கம்பிகளைப் போல வைக்கோல் கயிறுகள் இறங்கி, ஒவ்வொரு கிளையையும் பிடித்துக்கொள்ளும். பனி குவிந்தாலும் கிளை தாழாது. குளக்கரையில் நிற்கும் கராசாக்கி பைன் மரத்திற்கு மட்டும் ஐந்து கம்பங்களும் ஏறத்தாழ 800 கயிறுகளும் தேவைப்படுகின்றன. 13ஆம் சிற்றரசர் பிவா ஏரிக்கரையிலிருந்து விதை தருவித்து வளர்த்த மரம் அது. அதில் ஒரு பெருங்கிளை முறிந்தால், அதே வடிவில் இன்னொன்று வளர ஒரு மனித ஆயுள் போதாது.

இம்முறை ஆப்பிள் தோட்டத்திலிருந்து வந்ததாம்! காய்களின் பாரத்தால் கிளை ஒடியாமலிருக்க உழவர்கள் கட்டிய கயிறே அதற்கு முன்னோடி. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

குளத்தோரத்தில் இரு கால்களுடன் ஒரு கல்விளக்கு நிற்கிறது. ஒரு கால் நீரில், மற்றொன்று கரைப்பாறையில். இது 'யுகிமி' வகை விளக்கின் ஒரு வடிவம். 'யுகி' என்றால் பனி. 'மி' என்றால் பார்த்தல். அகன்ற தொப்பி போன்ற அதன் மேற்பகுதியில் பனி படிந்து நிற்பதைக் காண்பதே பலருக்கு அங்குச் செல்லும் நோக்கம். பனிக்கால இரவுகள் சிலவற்றில் தோட்டத்துக்கு விளக்கொளியும் ஊட்டுகின்றனர். பாதை வழுக்கும் என்பதால் மெல்ல நடக்க வேண்டும்.

மார்ச் நடுப்பகுதியில் கயிறுகள் அவிழ்க்கப்படுகின்றன. அப்போது அத்தோட்டத்தின் பிளம் மரங்கள் பூத்திருக்கும்.