இரகசிய எழுத்தைச் சோதிப்பது எப்படி?



பினாங்கில் நம்மவர் கடைகளிலும் இன்று பணம் கைப்பேசி வழியே வந்து போகிறது. வழியில் பிறர் படிக்காதிருக்க அச்செய்தி மறைத்து அனுப்பப்படுகிறது. அம்மறைப்பு உறுதியானதா என்று அறிவது எங்ஙனம்?

மறைக்கும் முறைகளில் ஒன்று, சாவி எண்களை ஓடை நீர்போல் தொடர்ந்து பிறப்பித்து, செய்தியின் ஒவ்வோர் எழுத்தோடும் ஒன்றைக் கூட்டுவதாகும். உதாரணமாக, செய்தி எண் 5, சாவி எண் 7 எனில் கூட்டுத்தொகை 12. பத்தைத் தள்ளி 2 என்று அனுப்புவர். பெறுகிறவர் பத்தைச் சேர்த்து, 7-ஐக் கழித்து, 5 என்று அறிவார். இதற்கு முக்கியமான சோதனைகள் இரண்டு.

1. சாவி திரும்ப வருகிறதா? அதே 7-ஐ 3 என்ற செய்தி எண்ணோடும் கூட்டினால் 10. பத்தைத் தள்ளினால் 0. திருடன் 2-லிருந்து 0-வைக் கழிக்கிறான், விடை 2. அசல் எண்களான 5-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசமும் அதுவே! சாவி கழிந்துபோயிற்று. ஒரு செய்தி தெரிந்தால் மற்றதும் வெளியாகும். பழைய வைஃபை பெட்டிகளின் 'வெப்' முறையில், செய்திதோறும் மாறும் பகுதி 24 பிட் மட்டுமே. ஆகவே சுமார் 1 கோடியே 67 லட்சம் தடவைக்குப்பின் அது திரும்பியே தீரவேண்டும்.

2. எண்கள் சமமாக வருகின்றனவா? எழுத்துக்களை எண்ணிப் பார்த்து மறைபொருளை அவிழ்க்கும் வழியை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அல்-கிந்தி எழுதி வைத்தார். 1987-ல் ரான் ரிவெஸ்ட் அமைத்த 'ஆர்.சி.4' முறையில் சாவி எண்கள் 256. ஒவ்வொன்றும் 256-க்கு ஒரு தடவை வருவதே நியாயம். ஆனால் இரண்டாவது இடத்தில் பூஜ்யம் ஏறக்குறைய இரு தடவை வருவதை 2001-ல் மான்டின், ஷமீர் இருவரும் காட்டினர். பூஜ்யம் சேர்ந்தால் எழுத்து மாறாது. ஒரே செய்தி வெவ்வேறு சாவிகளில் பன்முறை சென்றால், அவ்விடத்தில் மிகுதியாகக் காண்பதே அசல் எழுத்து!

இத்தகைய சாய்வுகளை ஆராய்ந்த கல்கத்தா அறிஞர் சுபமய் மைத்ரா, கௌதம் பால் என்பவரோடு சேர்ந்து 2011-ல் ஒரு நூலே வெளியிட்டார். 2015-ல் இணையப் பாதுகாப்பு விதிகள் ஆர்.சி.4-ஐ விலக்கின.

கவனிக்க: இதன் செய்முறை 1994 வரை வெளியார் அறியாததாயிருந்தது, வெளிப்பட்டு, பலரும் எண்ணிப் பார்த்த பின்னரே குறை தெரிந்தது. ஆகவே, மூடி வைத்த முறையைவிடப் பலர் சோதித்த முறையே நம்பத்தக்கது. தங்கள் கடைப் பெட்டியில் இன்னும் 'வெப்' இருக்குமாயின், இன்றே 'டபிள்யூ.பி.ஏ.2' அல்லது அதற்குப் பிந்திய முறைக்கு மாற்றிக்கொள்க.