சவுக்கும் டர்பன்டைனும்: எங்கே எதை நடுவது?

இரண்டும் ஆஸ்திரேலியா தேசத்திலிருந்து வந்தவையே எனினும், நுவரெலியா, ஹட்டன் பிரதேசத்துத் தேயிலை மலைகளில் கிரவில்லியா என்னும் சவுக்குக்கும், யூகலிப்டஸ் என்னும் டர்பன்டைனுக்கும் உரிய ஸ்தானம் ஒன்றல்ல. அடிப்புறம் வெள்ளி படர்ந்த கீற்றிலைகளையுடைய சவுக்கு, வெயிலைச் சல்லடையில் வடித்தாற்போல் தேயிலைமேல் இறக்கி, உதிர்ந்த சருகால் மண்ணை மூடி ஈரத்தைக் காப்பதால், தேயிலை நிரைகளின் நடுவே நிற்கத் தகுதி வாய்ந்தது அதுவே. நீர் தேங்கும் பள்ளத்தை மாத்திரம் அது சகியாது. நிழல் அடர்ந்தால் கொப்புகளைக் கவாத்து வெட்டி விறகாக்கலாம். அதன் இலையும் மரத்தூளும் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்குமாதலால், வெட்டுவோர் முழுக்கைச் சட்டை அணிதல் நலம்.

டர்பன்டைனோ அதிவேகமாக வளர்ந்து, வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் தளிர்த்து, தொழிற்சாலை அடுப்புக்கு விறகும், மின்கம்பிக்குக் கம்பமும், ரயில் பாதைக்குக் கட்டையும் தரும் உபகாரி. ஆயினும், நிலத்து நீரை வெகுவாக உறிஞ்சும் சுபாவமுடையதாகையால், தேயிலைக்கு உதவாத சரிவில் தனித் தோப்பாக வைப்பதே விவேகம். பெருங்காற்றில் கொப்பு முறியுமாதலால் லயத்துக் கூரையோரமும் ஆகாது. பீலிக்கு நீர் வரும் ஊற்றுக்கண்ணின் அருகே ஒரு கன்றைக்கூட நடாதீர்கள். ஏற்கெனவே அங்கே நிற்குமாயின், தோட்ட நிர்வாகத்திடம் எல்லோரும் சேர்ந்து சொல்லி அகற்றச் செய்யுங்கள்.