ஜெர்மன் ராணுவம் சண்டை மட்டும்தான் போட்டதா?

இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "யூதர்களைக் கொன்றது ஹிட்லரின் எஸ்.எஸ். ஆட்கள். ராணுவத்துக்காரன் என்ன செய்தான்? சண்டை போட்டான், செத்தான்." ரோமெலின் பாலைவனப் போரையும் ஸ்டாலின்கிராடின் பனியையும் படித்து வளர்ந்தவர்கள் இதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறார்கள். இந்தப் பேச்சை ஒரு சாதாரண டிவிஷனை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

ஜெர்மனியின் 295-வது காலாட்படை டிவிஷன் 1940 தொடக்கத்தில் திரட்டப்பட்டது. அதற்கென்று தனிப் பெருமை எதுவும் இல்லை. 1942 செப்டம்பரில் ஸ்டாலின்கிராடின் மமாயெவ் குன்றுக்காகப் போரிட்டது. 1943 ஜனவரி முடிவில் அந்த நகரத்திலேயே அழிந்தது. போர் வரலாற்று நூல்களில் இதன் பெயர் வருவது பெரும்பாலும் அந்தக் குன்றின் கதையில்தான். அதற்கு ஓராண்டு முன்பு உக்ரைனில் நடந்ததைப் பல நூல்கள் தொடுவதே இல்லை.

நம்பிக்கை: கொலைகள் ராணுவத்துக்குத் தெரியாமல், எங்கோ மறைவில் நடந்தன.

1941 ஆகஸ்ட். கீவ் நகரத்துக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் பிலா செர்க்வா என்ற ஊர். எஸ்.எஸ். அமைப்பின் 4ஏ கொலைப் பிரிவு அங்கிருந்த யூதப் பெரியவர்கள் பல நூறு பேரைச் சுட்டுக் கொன்றிருந்தது. பெற்றோரை இழந்த சுமார் 90 குழந்தைகள் ஒரு வீட்டில் அடைக்கப்பட்டிருந்தார்கள். கைக்குழந்தை முதல் ஆறேழு வயது வரை இருக்கும். சோறு இல்லை, தண்ணீர் இல்லை. பக்கத்துக் கட்டடங்களில் தங்கியிருந்த சிப்பாய்களுக்கு அந்த அழுகை இரவு முழுக்கக் கேட்டது. தாங்க முடியாமல் அவர்கள் ராணுவப் பாதிரியார்களிடம் போய்ச் சொன்னார்கள். பாதிரியார்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். தரையெல்லாம் மலம், குழந்தைகள் மேல் ஈ மொய்த்தது, கொஞ்சம் பெரிய பிள்ளைகள் சுவர்க் காரையைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தன. இத்தனையும் அன்றே எழுத்தில் பதிவாகி டிவிஷனின் மேசைக்கு வந்தது. தெரியாது என்று சொல்ல அங்கே யாருக்கும் வழியில்லை.

ஆகஸ்ட் 20 அன்று செய்தி 295-வது டிவிஷனின் முதன்மைப் பணியாளர் அதிகாரி லெப்டினன்ட் கர்னல் ஹெல்முத் குரோஸ்கூர்ட்டிடம் போனது. அவர் ஹிட்லரை வெறுத்தவர். போருக்கு முன்பே ராணுவ உளவுத் துறையில் இருந்தபடி ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கெடுத்தவர். அவரும் அந்த வீட்டுக்குப் போனார். குழந்தைகளை அங்கிருந்து கொண்டுபோகவிடாமல் தடுத்தார். மேலிடத்துக்குப் போன் போட்டார். முடிவெடுக்க வேண்டியது 6-வது ராணுவத்தின் தலைமை என்று பதில் வந்தது.

அந்த ராணுவத்தின் தளபதி ஃபீல்டு மார்ஷல் வால்டர் ஃபான் ரைஷனாவ், எஸ்.எஸ். ஆள் அல்ல, தொழில்முறை ராணுவத்தான். தொடங்கிய காரியத்தை முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவர் தந்த முடிவு. குரோஸ்கூர்ட் எழுதிய அறிக்கையைப் படித்துவிட்டு, இதை எழுதாமலே இருந்திருக்கலாம் என்று கண்டிக்கவும் செய்தார். ஆகஸ்ட் 22 அன்று குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் உக்ரேனியத் துணைப் படையினர். மேற்பார்வை பார்த்தவர் எஸ்.எஸ். அதிகாரி. குழியை ராணுவமே வெட்டி வைத்திருந்தது என்று அந்த அதிகாரி பின்னாளில் சாட்சி சொன்னார். எஸ்.எஸ். ஒருபுறம், ராணுவம் ஒருபுறம் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இந்த ஒரு நாளை எந்தப் பக்கம் சேர்ப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

குரோஸ்கூர்ட்டை வீரனாக்கி, அவர் பெயரைச் சொல்லி ராணுவம் முழுவதையும் காப்பாற்றுகிறவர்களும் உண்டு. அவர் செய்தது பெரிய காரியம், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவருடைய அறிக்கையை முழுசாகப் படிக்க வேண்டும். பெண்களையும் குழந்தைகளையும் இப்படி நடத்துவதற்கும் எதிரியின் கொடுமைகளுக்கும் வித்தியாசமே இல்லை என்று அதில் எழுதினார். அதே அறிக்கையில், இந்தச் சித்திரவதையைத் தவிர்க்கக் குழந்தைகளையும் உடனேயே ஒழித்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். மேலிடத்தை நோக்கி வேறு எப்படி வாதாடுவது என்று தெரியாத தவிப்பில் எழுதினாரா, உள்ளபடியே அப்படி நினைத்தாரா, எனக்கு முடிவுக்கு வர இயலவில்லை. மனசாட்சி உள்ள அதிகாரிகூட அப்படி எழுத வேண்டியிருந்த ராணுவம் அது என்பது மட்டும் உறுதி. குரோஸ்கூர்ட் ஸ்டாலின்கிராடில் சிறைப்பட்டு, 1943 ஏப்ரலில் சோவியத் முகாமில் டைபஸ் காய்ச்சலில் இறந்தார். ரைஷனாவ் 1942 ஜனவரியிலேயே இறந்துவிட்டார், எந்த நீதிமன்றத்தின் முன்னும் நிற்காமல்.

நம்பிக்கை: மறுத்திருந்தால் அவனையே சுட்டிருப்பார்கள்.

இதற்கு வேறொரு டிவிஷனின் கதை பதில் சொல்கிறது. 1941 அக்டோபர், பெலாரஸின் குருச்சா கிராமம். 339-வது காலாட்படை டிவிஷனைச் சேர்ந்த ஒரு பட்டாலியனின் மேஜர், தனக்குக் கீழிருந்த மூன்று கம்பெனித் தலைவர்களுக்கும் ஒரே உத்தரவு போட்டார்: உங்கள் பகுதியில் உள்ள யூதர்களைக் கொன்றுவிடுங்கள். ஒருவர் உடனே செய்து முடித்தார். நோல் என்ற இன்னொருவர் தயங்கினார், எழுத்தில் உத்தரவு கேட்டார், கிடைத்ததும் வேலையைத் தன் சார்ஜென்ட் தலையில் கட்டினார். குருச்சாவில் சுமார் 150 பேர் செத்தார்கள். மூன்றாமவர் லெப்டினன்ட் யோசஃப் சிபில். முடியாது என்றார். எப்போதுதான் மனதைக் கல்லாக்கிக்கொள்ளப் போகிறீர் என்று மேஜர் கேட்டார், இந்த மாதிரிக் காரியத்தில் ஒருபோதும் மாட்டேன் என்று சிபில் பதில் சொன்னார். அவரை யாரும் சுடவில்லை, சிறையில் தள்ளவும் இல்லை. போருக்குப் பிறகு டார்ம்ஷ்டாட் நீதிமன்றம் தண்டித்தது நோலையும் அந்த சார்ஜென்டையும்தான்.

அப்படியானால் ராணுவம் சண்டை மட்டும்தான் போட்டது என்ற கதை எங்கிருந்து கிளம்பியது? பெரும்பகுதி தளபதிகளே எழுதியது. போர் முடிந்ததும் ஃபிரான்ஸ் ஹால்டர் முதலான ஜெர்மன் தளபதிகளை வைத்தே அமெரிக்க ராணுவம் கிழக்கு முனைப் போரின் வரலாற்றை எழுத வைத்தது. 1955-ல் தளபதி மான்ஸ்டைனின் நினைவுக் குறிப்புகள் வந்தன, தோல்விக்கெல்லாம் ஹிட்லரே காரணம் என்ற தொனியில். பனிப்போர் தொடங்கிவிட்டதால் மேற்கு ஜெர்மனிக்குப் புது ராணுவம் தேவைப்பட்டது. பழைய சிப்பாய்களைப் பழிக்கக் கூடாது என்று முன்னாள் அதிகாரிகள் கேட்டார்கள், மேற்கு நாடுகளும் தலையாட்டின.

நியூரம்பெர்க் தீர்ப்பு ராணுவத்தை விடுவித்தது என்பதும் தவறு. தலைமைத் தளபதிகளின் குழுவைச் சட்டப்படி 'குற்ற அமைப்பு' என்று அறிவிக்கவில்லை, அவ்வளவுதான். ராணுவத் தளபதிகளான கெய்டெலும் யோடலும் 1946 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

1995-ல் ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் ராணுவத்தின் குற்றங்களைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியது. அதில் சில படங்கள் தவறானவை என்று தெரிந்ததும் 1999-ல் நிறுத்தப்பட்டது. கண்காட்சியே பொய் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் குழு ஆராய்ந்தபோது 1,433 படங்களில் இருபதுக்கும் குறைவானவையே அந்தக் கண்காட்சியில் இடம்பெறக் கூடாதவை என்று கண்டது. அடிப்படை வாதம் நிலைத்தது. 2001-ல் திருத்திய கண்காட்சி திரும்பவும் வந்தது.

ஒவ்வொரு ஜெர்மன் சிப்பாயும் கொலைகாரன் என்று நான் சொல்லவில்லை. ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் படைகளில் இருந்தார்கள். ஆனால் ராணுவத்தின் பொறுப்பில் இருந்த சோவியத் போர்க் கைதிகள் சுமார் 57 லட்சம் பேரில் 33 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்கள் அடைக்கப்பட்டிருந்த பெரும்பாலான முகாம்களுக்கு எஸ்.எஸ். பொறுப்பல்ல.

இனி ஏதாவது ஜெர்மன் டிவிஷனின் வரலாறு உங்கள் கைக்கு வந்தால், அது எந்தக் குன்றைப் பிடித்தது என்பதைப் படித்த கையோடு 1941 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அக்டோபரிலும் எந்த ஊர்களில் இருந்தது என்று தேடிப் பாருங்கள். அந்த மாதங்களை ஒரே வரியில் தாண்டிப் போகும் புத்தகத்தை நம்பாதீர்கள்.