இரு சிட்டுகளும் ஓர் இறகும்

பனையேட்டுச் சுவடியைக் கையிலெடுக்கும் மாணவர்க்கு முதலில் எதிர்ப்படும் இடர், ரகரமும் காலும் ஒரே வடிவாக நிற்றலாம். புள்ளியும் பெரும்பாலும் இராது. தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாம் இவ்விடரை நன்கறிவோம். ஒத்த வடிவங்களைப் பிரித்தறியும் இத்தொல்லை பறவை நூலார்க்கும் உண்டு. அதற்குச் சான்றாக, வட அமெரிக்காவின் மேல்கரையில் வாழும் இரு சிறு பறவைகளைப் பற்றி ஈண்டுச் சில கூறுவாம்.

சிறகடிப்பின் விரைவால் வண்டுபோல் முரன்று, பூவின் முன் அந்தரத்தில் நின்றவாறே தேனுண்ணும் பறவைகளை ரீங்காரச் சிட்டுகள் என்பர். இவை இன்று அமெரிக்கக் கண்டங்களிலன்றி வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. நம் தோட்டத்துத் தேன்சிட்டு வேறு குடும்பத்தைச் சார்ந்தது. இவ்வினத்துள் ரூபஸ் என்பது ஒன்று. ஆலன் என்பது மற்றொன்று. இரண்டும் ஏறக்குறைய 3 கிராம் எடையுள்ளவை. இரண்டின் ஆணுக்கும் கழுத்து தணல்போல் ஒளிரும், வால் செம்பழுப்பாயிருக்கும்.

ஆலன் சிட்டுக்கு 1829இல் லெஸ்ஸன் என்னும் பிரெஞ்சு அறிஞர் சாசின் என்று பெயரிட்டார். 1877இல் ஹென்ஷா என்பார் அதனைப் புதியதோர் இனமாகக் கொண்டு, சார்லஸ் ஆலன் என்பவரின் நினைவாக மீண்டும் பெயர் சூட்டினார். ஆகவே கற்றோரும் இப்பறவைகளிடத்து மயங்கினர் என்பது தெளிவு.

கண்ணுக்கு முதலில் தோன்றும் அடையாளம் முதுகின் நிறம். வளர்ந்த ஆண் ரூபஸின் முதுகு செம்பழுப்பு. ஆண் ஆலனின் முதுகு பச்சை. ஆனால் ஆண் ரூபஸ்களுள்ளும் சில பசிய முதுகுடையன. எனவே முதுகு முழுதும் செம்பழுப்பாயின் அது ரூபஸ் எனத் துணியலாம். பச்சையாயின் ஆலன் எனத் துணிதல் கூடாது.

ஐயம் தீர்ப்பது வாலிறகே. வாலில் ஐந்து இணையாகப் பத்து இறகுகள் உள. நடுவிலிருந்து எண்ணி இரண்டாவதாக நிற்கும் இறகில், வளர்ந்த ஆண் ரூபஸுக்கு நுனியருகே வெட்டியெடுத்தாற்போன்ற ஒரு பள்ளம் உண்டு, ஆலனுக்கு அஃதில்லை. ஆலனின் கடைப்புற இறகோ மிகவும் குறுகியது. பறவை வாலை விரிக்கும் நொடியில்தான் இவற்றைக் காணலாகும்.

பெண்ணையும் இளம் பறவையையும் பிரித்தல் இன்னும் அரிது. இரண்டிலும் அவற்றின் முதுகு பச்சையே. கையிற்பிடித்து இறகின் அகலத்தை அளந்தாலன்றித் துணிய இயலாது. இடமும் ஓரளவே துணைபுரியும். ரூபஸ் அலாஸ்காவின் தென்பகுதிவரை சென்று குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் பெரும்பாலும் மெக்சிகோவை அடையும். ஆலன் கலிபோர்னியாவிலும் ஆரிகன் தென்பகுதியிலும் கடலோரத்தே குஞ்சு பொரிக்கும். ஆனால் ரூபஸின் வலசை வழி கலிபோர்னியாவின் ஊடே செல்வதால், ஒரே பூங்கொத்தில் இரண்டும் வந்து உண்ணுதல் கூடும்.

அந்நிலையில் செய்யத்தக்கது யாது? ‘ரூபஸ் அல்லது ஆலன்’ என்றே குறிப்பேட்டில் எழுதிவிடுவர் நேர்மையுடையோர். இது அறியாமையின் அடையாளமன்று. ரூபஸின் தொகை குறைந்துவருவதால், 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவை நெருங்கும் நிலையிலுள்ள இனமாகக் குறித்தது. குறைந்துவரும் இனத்தை எண்ணுமிடத்து, ஊகத்தால் இட்ட பெயர் இல்லாத பறவையை உள்ளதாகக் காட்டும். காக்க வேண்டிய காலத்தில் நம்மை வாளாவிருக்கச் செய்யும்.

சுவடியைப் பதிப்பிக்கும் நல்லாசிரியரும் துணிய இயலாதவிடத்துத் தம் கருத்தை நூலாசிரியர் தலையில் ஏற்றாது, பாடபேதம் எனக் குறித்து இரண்டனையும் காட்டுவர். மூன்று கிராம் எடையுள்ள சிட்டாயினும், சிருஷ்டிகர்த்தர் எழுதிய ஏட்டில் அதுவும் ஓரெழுத்தன்றோ? அதனைப் பிழையின்றிப் படிக்க முயல்வோம். படிக்க இயலாதபோது இயலவில்லை என்று எழுதவும் கற்போம்.