குடும்பஸ்தன் இடைவிடாமல் செபிப்பது எப்படி?



இடைவிடாமல் செபிக்க வேண்டுமென்று அர்ச். சின்னப்பர் தெசலோனிக்க நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு எழுதினார். அந்த நிருபம் சந்நியாசிகளுக்கு எழுதப்பட்டதல்ல. பிள்ளை குட்டிகளோடு கைத்தொழில் செய்து பிழைத்தவர்களுக்கு எழுதப்பட்டது. ஆகையால் கொடுமுடியில் மஞ்சளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கும், விடியுமுன் எழுந்து பால் கறக்கிற தாய்க்கும் அந்தக் கட்டளை பொருந்தும். ஆனால் வேலை செய்கிற கையும் கணக்குப் பார்க்கிற புத்தியும் எப்படி ஓயாமல் செபத்தில் இருக்கக் கூடும்?

இதற்குச் சிலர் சுலபமான பதில் ஒன்று வைத்திருக்கிறார்கள். "சாமி, வேலையே எனக்குச் செபம்" என்பார்கள். காலையிலும் செபமில்லை, இரவிலும் செபமில்லை. கேட்டால் இதுதான் பதில். வேறு சிலர் ஞாயிற்றுக்கிழமைப் பூசையோடு கடமை தீர்ந்தது என்று, மற்ற ஆறு நாளும் சர்வேசுரனை மறந்து திரிவார்கள். இரண்டும் தவறு. ஏன் தவறென்று பார்ப்போம்.

செபமென்பது மனதைச் சர்வேசுரனிடம் எழுப்புவது என்று தமாஸ்கு நகர் அர்ச். அருளப்பர் படிப்பித்தார். செபத்துக்கு வேர் மனம். வாய் அதன் கிளை. மனம் ஒரு தடவை உறுதியாக வைத்துக்கொண்ட கருத்து, அதை நினையாத நேரத்திலும் நம்மை நடத்துகிறது. ஈரோட்டுக்குப் போக ஒருவர் கொடுமுடியிலிருந்து புறப்படுகிறார். ஊஞ்சலூரில் ஒரு சிநேகிதரோடு பேசுகிறார். பாசூரில் கண் அயர்ந்து விடுகிறார். ஈரோட்டை நினையாத போதும் அவர் ஈரோட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார். ஆனால் பாசூரில் இறங்கி வீட்டுக்குத் திரும்பினால் அந்தக் கருத்து முறிந்து போகும். அவர் வீட்டை விட்டே புறப்படாதிருந்தாலோ, ஈரோட்டுக்குப் போகிறேன் என்று சொல்வது வெறும் பேச்சு. காலையில் ஒப்புக்கொடாத வேலையைச் செபம் என்று சொல்வதும் அப்படியே.

இந்த உண்மையை உலகமெங்கும் பரப்பிய ஒரு பக்தி முயற்சிக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் சம்பந்தமுண்டு. 1838-ம் ஆண்டு பிரான்சு தேசத்துச் சேசு சபைக் குருக்கள் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார்கள். வெயிலும் வியாதியும் அவர்களில் பலரை இளவயதிலேயே கொண்டு போயின. அவர்களைப் பற்றிய செய்திகள் பிரான்சில் வால்ஸ் என்னும் ஊரில் படித்துக்கொண்டிருந்த இளம் சேசு சபையாரின் நெஞ்சில் தீ மூட்டின. "நாம் இங்கே புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறோமே!" என்று அவர்கள் மனம் அலைந்தது, படிப்பில் சலிப்புத் தட்டியது.

1844-ம் ஆண்டு டிசம்பர் 3-ம் தேதி, அர்ச். சவேரியார் திருநாளன்று, அவர்களுடைய ஞானத் தந்தையாகிய பிரான்சிஸ் சேவியர் கோத்ரலே சுவாமியார் அவர்களுக்கு ஒரு வழி காட்டினார். படிப்பையும் அன்றாட அலுவலையும் சின்னச் சின்னத் துன்பங்களையும் கிறிஸ்துநாதரோடு சேர்த்து ஒப்புக்கொடுத்தால், இப்போதே, இருந்த இடத்திலேயே, மிஷனுக்கு ஊழியம் செய்யலாம் என்பதே அவர் போதித்ததன் சாரம். செப அப்போஸ்தல சபை இப்படித்தான் பிறந்தது. இன்று அது பாப்பரசரின் உலகளாவிய செப வலையமைப்பு என்ற பெயரில் நடக்கிறது. மாதந்தோறும் பாப்பரசர் தரும் கருத்துக்காக அதன் அங்கத்தினர் தங்கள் நாளை ஒப்புக்கொடுக்கிறார்கள். மதுரை மிஷனை நினைத்து ஏங்கிய மாணவர்களுக்குச் சொன்ன வழி, இன்று நம் வீட்டு அடுப்பங்கரைக்கும் வழியாக நிற்கிறது.

நம் ஊரார்க்குக் காலிங்கராயன் வாய்க்காலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பவானிக்கு அருகே அணைக்கட்டில் தொடங்கி, ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து வந்து, கொடுமுடிக்கு அருகே ஆவுடையார்பாறையில் அது முடிகிறது. நாம் கடைமடைக்காரர்கள். தலைமதகு திறவாவிட்டால் நமக்குத் தண்ணீர் இல்லை. திறந்தாலும் வழியில் கரை உடைந்தால் தண்ணீர் வந்து சேராது. காலை ஒப்புக்கொடுத்தல் தலைமதகு. பகல் முழுதும் நாம் அடிக்கடி எழுப்பும் சிறு செபங்கள் கரையைக் காக்கும் காவல். பாவம் கரையில் விழும் உடைப்பு. எடையில் குறைத்து விற்ற மஞ்சளையும், தண்ணீர் கலந்த பாலையும், கூலியாளுக்குக் கொடாமல் பிடித்து வைத்த பணத்தையும் சர்வேசுரனுக்கு ஒப்புக்கொடுக்க யாரால் முடியும்? உடைப்பு விழுந்தால் உடனே மனஸ்தாபப்பட்டு, பாவசங்கீர்த்தனத்தால் அடைக்க வேண்டும். அநியாயமாய் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

ஆகையால் அனுசரிக்க வேண்டியவை இவை:

முதலாவது, கண் விழித்ததும் சிலுவை அடையாளம் வரைந்து, அன்றைய வேலை, களைப்பு, சந்தோஷம் எல்லாவற்றையும் சொந்த வார்த்தையில் ஒப்புக்கொடுங்கள். ஒரு நிமிஷம் போதும். கைபேசியை எடுக்குமுன் இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது, மூவேளை செபத்தை விடாதேயுங்கள். 1456-ம் ஆண்டு 3-ம் கலிஸ்துஸ் பாப்பரசர் நடுப்பகலில் மணியடித்துச் செபிக்கச் சொன்னார். காலை, நண்பகல், மாலை என்று அந்த வழக்கம் நிலைத்தது. மணியோசை காதில் விழாத வயலில் இருந்தால், மத்தியானச் சோற்றுத் தூக்கைத் திறப்பதே உங்களுக்கு மணியாகட்டும்.

மூன்றாவது, மனவல்லயச் செபம். வல்லயம் என்றால் ஈட்டி. எகிப்து தேசத்துத் தபோதனர்கள் எறியும் ஈட்டி போன்ற குறுஞ் செபங்களை அடிக்கடி சொல்லி வந்ததாக அர்ச். அகுஸ்தீனார் புரோபா என்னும் விதவைக்கு எழுதினார். நீண்ட செபத்தில் மனம் மழுங்கிப் போகலாம். குறுகிய செபம் கூர்மையாயிருக்கும். மடை திருப்பும்போதும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும், கோபம் மூக்குக்கு ஏறும்போதும், சேசுவின் திருநாமத்தை ஒரு தடவை நெஞ்சுக்குள் உச்சரியுங்கள்.

நான்காவது, இரவில் குடும்பமாய்ச் செபமாலை. ஐம்பத்துமூன்று மணி சொல்ல இயலாத வீட்டில் பத்து மணியாவது சொல்லட்டும். தகப்பனார் முழங்காலில் நிற்பதைக் காணாத பிள்ளைக்கு ஞானோபதேச வகுப்பு மட்டும் செபத்தைக் கற்றுத்தராது.

நம் ஜீவியத்துக்கும் ஒரு கடைமடை உண்டு. அது மரண வேளை. அன்று நாவு குழறும், புத்தி தடுமாறும். புதிதாய்ச் செபம் கற்றுக்கொள்ள அது சமயமல்ல. நாற்பது, ஐம்பது வருஷம் தினமும் சொல்லிப் பழகிய திருநாமம் அப்போது தானாக நெஞ்சில் எழும்பும். அந்த வேளைக்காக நாளை விடியற்காலையே தலைமதகைத் திறந்து வைப்போம்.

இந்த வாரம் வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்:

1. வேலை எப்போது செபமாகும்? எப்போது ஆகாது?
2. காலையில் வைத்த நல்ல கருத்தை முறிப்பது எது?
3. நம் வீட்டில் இரவுச் செபத்துக்குக் குறித்த நேரம் எது? இல்லையென்றால் இன்றே குறிப்போமா?