தடுப்பூசி நாளில் தாயையும் கேள்

அன்புள்ள தங்கைக்கு,

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராகச் சேரப்போகிறாய். 6, 10, 14-ஆவது வாரங்களில் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள். பிள்ளைக்கு எடை பார்ப்போம், ஊசி போடுவோம். தூக்கி வந்தவளிடம் பெரும்பாலும் எதுவும் கேட்பதில்லை. நீ கேள்.

பேறுகாலம் முடிந்த இரண்டு வாரத்துக்குள் வந்து போகும் அழுகையைப் பற்றிக் கவலை வேண்டாம். அதைத் தாண்டியும் நீடிப்பதுதான் மனச்சோர்வு. வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில் பிரசவித்த பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2002-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 11 பேருக்கு அது புதிதாக வந்திருந்தது. வறுமை, மாமியாரோடு மனத்தாங்கல், உதவிக்கு ஆள் இல்லாமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது என்று காரணங்களும் தெரிந்தவைதான். ஆனால், பச்சை உடம்புக்காரி அழுதால் பால் வற்றிவிடும் என்று வீட்டில் அதட்டுவார்கள். அவளும் இடுப்பு வலிக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள்.

கேட்பதற்கு எடின்பரோ அளவுகோல் இருக்கிறது. ஜான் காக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1987-இல் வெளியிட்டது, தமிழிலும் உண்டு. கடந்த 7 நாள் மனநிலை பற்றி 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 13-ஓ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரிடம் அனுப்பு. அது நோயை உறுதிசெய்யும் எண் அல்ல, பார்க்கச் சொல்லும் எண். கடைசிக் கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு மட்டும் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்காதே; 'எப்போதாவது' என்றாலும் அன்றைக்கே மருத்துவரிடம் சொல், அவளைத் தனியே அனுப்பாதே.

மாமியார் பக்கத்தில் நின்றால் எல்லாவற்றுக்கும் 'நல்லாயிருக்கேன்' என்றுதான் பதில் வரும். பிள்ளையை அவர் கையில் கொடுத்து எடை பார்க்க அனுப்பிவிட்டுக் கேள்.

மனநல மருத்துவரே இல்லாத ஊரில் கேட்டு என்ன பயன் என்பார்கள். கேட்டுவிட்டுக் கைவிடுவது கொடுமை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, வீட்டுக்குப் போய்ப் பேச வைத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்கள் பார்த்த தாய்மாரில் 23 சதவீதத்தினருக்குத்தான் மனச்சோர்வு நீடித்தது. மற்றவர்களில் 53 சதவீதம். 2008-இல் வந்த முடிவு இது. தொலைபேசியில் மனநல உதவி தரும் அரசுச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐயும் தாயிடம் கொடு.

ஒன்று மட்டும்: மதிப்பெண்ணைப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் எழுதிவிடாதே. அதை வீட்டில் எல்லோரும் புரட்டுவார்கள்.

அன்புடன்,
அக்கா